கீழ்க் கடைவாய்ப்பல்லின் மூன்றாவது வேர்

கொஞ்சம் நீளமான பதிவு. ரூட் கெனால் பண்ணியும் பல்வலி போகாதவங்க, இனிமே பண்ணிக்கப் போறவங்க, பல்லைப் பத்தி இதுவரை கவலையே படாதவங்க எல்லாருக்கும்தான். பொறுமையா படிங்க.

முதல்ல உங்க நாக்கைக் கீழ்த்தாடையில் பின்பக்கமா கொண்டு போங்க. நடுவில் இருந்து எண்ணினா ஆறாவதா ஒரு பெரிய பல் தட்டுப்படும். அதுதான் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். ஆறு வயசு வாக்கில், எந்தப் பால்பல்லும் விழாமலே, பால்பற்களுக்குப் பின்னாடி சத்தமில்லாம முளைச்சு வரும். அதனாலேயே நிறைய பெற்றோர் அதையும் பால்பல்னு நினைச்சு, "எப்படியும் விழுந்து முளைக்கப் போகுது"ன்னு விட்டுடறாங்க. பள்ளமும் மேடுமா இருக்கிற மேற்பரப்பு, சரியா துலக்கத் தெரியாத வயசு, கையில எப்பவும் மிட்டாய். விளைவு, நிரந்தரப் பற்களில் முதலில் சொத்தையாவது பெரும்பாலும் இந்தப் பல்தான். ரூட் கெனாலுக்கு அதிகமா வர்ற பற்களில் ஒண்ணும் இதுதான்.

சரி, இந்தப் பல்லுக்கு எத்தனை வேர்?

பாடப்புத்தகத்தின்படி இரண்டு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டு வேருக்குள்ளும் சேர்த்து வழக்கமா மூன்று குழாய்கள். அந்தக் குழாய்களில்தான் பல்லின் உயிர்ப்பகுதியான கூழ் இருக்கு, நரம்பும் ரத்தநாளமும் அதுக்குள்ளதான் ஓடுது.

ஆனா சிலருக்கு மூணாவது வேர் ஒண்ணு இருக்கும். பின் வேருக்குப் பக்கத்தில், நாக்குப் பக்கமா, ஒல்லியா, பல நேரம் கொக்கி மாதிரி வளைஞ்சு. வாயைத் திறந்து பார்த்தா தெரியாது. சாதாரண எக்ஸ்ரேயிலும் பல சமயம் தெரியாது, காரணத்தைப் பின்னாடி சொல்றேன். ரூட் கெனால்னா என்ன? கிருமி புகுந்த கூழை எல்லாக் குழாயில் இருந்தும் எடுத்து, சுத்தம் பண்ணி, அடைக்கிறது. ஒரே ஒரு குழாய் விட்டுப்போனாலும் கிருமி அங்கேயே தங்கிடும். மேல கேப் போட்டு அழகா முடிச்சிருப்பாங்க. ஆறு மாசமோ இரண்டு வருஷமோ கழிச்சு ஈறு வீங்கும், கடிச்சா வலிக்கும். அப்ப என்னை மாதிரி பொது மருத்துவர்கிட்ட வந்து "ஒரு ஆன்டிபயாடிக் மட்டும் எழுதிக் கொடுங்க டாக்டர்"னு கேட்பாங்க. மாத்திரை வீக்கத்தைக் கொஞ்ச நாள் அடக்கும். ரத்த ஓட்டமே செத்துப்போன அந்தக் குழாய்க்குள்ள மருந்து எப்படிப் போய்ச் சேரும்?

இந்த மூணாவது வேர் ஒண்ணும் புதுக் கண்டுபிடிப்பு இல்ல. 180 வருஷமா மருத்துவ உலகத்துக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏன் இவ்வளவு காலம் தவறவிட்டோம் என்பதுதான் இந்தப் பதிவு.

கதை வியன்னாவில் ஆரம்பிக்குது. ஜார்ஜ் கராபெல்லி அங்கே ஆஸ்திரிய அரசவையின் பல் மருத்துவர். பல் பிடுங்குறது முடிதிருத்துபவர்களும் சந்தைக்கடைக்காரர்களும் செய்ற வேலைன்னு இருந்த காலத்தில், அதைப் பல்கலைக்கழகத்தில் பாடமா நடத்தினவர். மேல்தாடைக் கடைவாய்ப்பல்லின் உள்பக்கம் சிலருக்கு ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். இன்னிக்கும் அதுக்கு அவர் பெயர்தான், கராபெல்லி முகடு. பல் மருத்துவம் படிக்கிற பிள்ளைங்க முதல் வருஷத்திலேயே மனப்பாடம் பண்ற பெயர். அவர் 1842-ல் இறந்தார். 1844-ல் வெளிவந்த அவருடைய வாய் உடற்கூறியல் நூலில் அந்தக் கூடுதல் வேரும் பதிவாகியிருக்கு. முகடு புகழ் பெற்றது, வேர் ஓரத்தில் கிடந்தது. முகடு கண்ணுக்குத் தெரியும், வேர் எலும்புக்குள்ள இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்து அமெரிக்காவின் ஜி.வி. பிளாக். நவீன பல் மருத்துவத்தின் தந்தைன்னே இவரைச் சொல்வாங்க. 1890-ல் மனிதப் பற்களின் உடற்கூறு பற்றி ஒரு நூல் எழுதினார். ஒவ்வொரு பல்லையும் அளந்து, நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, வேர் இவ்வளவுன்னு அட்டவணை போட்டார். அதுவரை கைப்பழக்கத்தில் ஓடிக்கிட்டிருந்த தொழிலுக்கு முதல்முறையா ஒரு அளவுகோல் கிடைச்சது.

இங்கே பிளாக்குக்கு நியாயமா ஒண்ணு சொல்லணும். அவருடைய அட்டவணையில் சராசரி மட்டும் இல்லை. மிகப் பெரியது எவ்வளவு, மிகச் சிறியது எவ்வளவு என்பதும் பக்கத்திலேயே இருந்தது. பற்கள் எவ்வளவு வேறுபடும்னு அவருக்கு நல்லாவே தெரியும். ஆனா பரீட்சைக்குப் படிக்கிறவங்க எந்தப் பத்தியைப் படிப்பாங்க? சராசரியைத்தான். தலைமுறை தலைமுறையா கைமாறி, "சராசரி" என்பது மெல்ல "இயல்பு" ஆகிடுச்சு. இரண்டு வேர் இருந்தா இயல்பு, மூணு இருந்தா விநோதம்.

இதுக்கு நடுவில் எக்ஸ்ரே வந்தது. ராண்ட்ஜன் தன் கண்டுபிடிப்பை வெளியிட்ட சில வாரங்களுக்குள்ளேயே, 1896 ஜனவரியில், ஜெர்மனியின் ஓட்டோ வால்காஃப் தன் வாயிலேயே ஒரு கண்ணாடித் தட்டை வச்சு முதல் பல் எக்ஸ்ரேயை எடுத்தார். 25 நிமிஷம் அசையாம இருந்தாராம். இப்ப ஒரு நொடி கூட ஆகாது, அதுக்கே "ரேடியேஷன் வருமா டாக்டர்"னு கேட்கிறோம். கேட்கிறதில் தப்பில்லை. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர், 1899-லேயே வேரின் நீளத்தைப் பார்க்க எக்ஸ்ரேயைப் பயன்படுத்தினார். பிலிமை வெறுங்கையால் பிடிச்சுக்கிட்டே பல ஆண்டுகள் படம் எடுத்ததில் கதிர்வீச்சால் கையில் புற்று வந்தது. அறுவை மேல் அறுவை. முதலில் விரல்கள் போச்சு, அப்புறம் கை. அந்த வேதனையோடவே 1928-ல் இறந்தார். வேரைப் பார்க்கிற வசதி நமக்கு இப்படித்தான் கிடைச்சது.

ஆனா எக்ஸ்ரே என்பது நிழல். உங்க ஆள்காட்டி விரலுக்கு நேர் பின்னாடி நடுவிரலை வச்சு, டார்ச் அடிச்சு சுவரில் நிழல் பாருங்க. ஒரு விரல்தான் தெரியும். மூணாவது வேர் பின் வேரோட அதே வரிசையில், நாக்குப் பக்கமா ஒளிஞ்சு நிக்குது. நேரா படம் எடுத்தா இரண்டு நிழலும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து ஒரே வேரா தெரியும். எக்ஸ்ரே குழாயைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி இரண்டாவது படம் எடுத்தா நிழல்கள் பிரிஞ்சு விழும். எந்தப் பக்கமா நகர்ந்திருக்கு என்பதை வச்சு அது நாக்குப் பக்கமா, கன்னப் பக்கமான்னும் சொல்லிடலாம். இதை 1910-லேயே கிளார்க் என்ற ஆங்கிலேயர் விளக்கிட்டார். முளைக்காம எலும்புக்குள்ள புதைஞ்சு கிடக்கிற பல் எந்தப் பக்கம் இருக்குன்னு கண்டுபிடிக்க அவர் சொன்ன உத்தி அது. வேருக்கும் அப்படியே பொருந்தும்.

அப்ப வழி தெரிஞ்சுடுச்சு. ஏன் எல்லாரும் அப்பவே தேட ஆரம்பிக்கலை?

அதே 1910-ல் வில்லியம் ஹண்டர் என்ற லண்டன் மருத்துவர், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஒரு உரை ஆற்றினார். வாயில் இருக்கிற சீழும் கிருமியும்தான் உடம்பின் பல நோய்களுக்குக் காரணம், கிருமி பிடிச்ச வேர்கள் மேல தங்கத்தில் கேப் கட்டி மூடி வைக்கிறது ஆபத்துன்னு கடுமையா பேசினார். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஆனா அதுக்கப்புறம் நடந்தது பெரும் கூத்து. மூட்டுவலியா, பல்லைப் பிடுங்கு. சோர்வா, பல்லைப் பிடுங்கு. மனநோய்க்குக்கூட பல்லைப் பிடுங்கினாங்க. பல பத்தாண்டுகள் இது நடந்தது. பல்லைக் காப்பாத்துறதே குற்றம் என்கிற மாதிரி சூழல் இருக்கும்போது, அந்தப் பல்லுக்குள்ள எத்தனை குழாய்னு யாருக்கு அக்கறை?

அந்தக் காலத்திலும் ஒருத்தர் பொறுமையா உட்கார்ந்து பார்த்திருக்கார். சூரிச்சைச் சேர்ந்த வால்டர் ஹெஸ். இவர் செய்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச பரிசோதனை. பிடுங்கின பற்களை எடுத்து, உள்ளே இருக்கிற கூழை நீக்கி, அந்த இடத்தில் ரப்பரைச் செலுத்தி இறுக வச்சு, அப்புறம் பல்லை அமிலத்தில் கரைச்சுட்டார். பல் போய், உள்ளே இருந்த வெற்றிடம் மட்டும் ரப்பர் அச்சா கையில் நின்னது. இப்படி ஒண்ணு இரண்டு இல்லை, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பற்கள். 1917-ல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார், 1925-ல் ஆங்கிலத்தில் வந்தது. அந்தப் படங்களைப் பார்த்தா பல் மாதிரியே இருக்காது, மரத்தின் வேர்த்தூவி மாதிரி, கிளையும் வலையுமா இருக்கும். பாடப்புத்தகத்தில் போட்டிருந்த நேரான, தனித்தனிக் குழாய்கள் பல பற்களில் கிடையாது. ஒரு குழாய் இரண்டாப் பிரியும், மறுபடி சேரும், நடுவில் குறுக்குப் பாலம் போடும்.

பல் மருத்துவர்கள் இதை முழுசா ஏத்துக்கிட்டுத் தங்கள் கைவேலையை மாத்திக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆச்சு.

இதுக்கிடையில் வேற ஒரு கூட்டம் பற்களை மும்முரமா எண்ணிக்கிட்டு இருந்தது. மானுடவியலாளர்கள். 1920-ல் அலேஷ் ஹிர்ட்லிச்கா "மண்வெட்டிப் பல்" பற்றி எழுதினார். மேல் முன்பற்களின் உள்பக்கம் இரு ஓரமும் உயர்ந்து, நடுவில் குழிஞ்சு, சின்ன மண்வெட்டி மாதிரி இருக்கும். கிழக்காசிய மக்களிடமும் அமெரிக்கப் பூர்வகுடிகளிடமும் இது மிக அதிகம். (அந்தக் குழியில் சொத்தை பிடிக்கும், அது முன்பல் என்பதால் யாரும் பின்பக்கம் பார்க்க மாட்டாங்க. மண்வெட்டிப் பல் இருக்கிறவங்க துலக்கும்போது அதைக் கவனிங்க.) அது இனங்களைத் தரம் பிரிக்கிற ஆசை உச்சத்தில் இருந்த காலம். ஹிர்ட்லிச்காவுக்கும் அந்த ஆசை நிறையவே உண்டு. மண்டையோட்டை அளந்தவங்க பல்லையும் அளந்தாங்க.

மூணாவது வேரும் இந்தக் கண்ணில் மாட்டியது. இங்கேதான் நம்ம ஆட்கள் கதைக்குள்ள வர்றாங்க.

சிங்கப்பூரில் கிங் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் எட்கர் டிராட்மன் என்ற ஆங்கிலேயர் பல் மருத்துவப் பேராசிரியர். ஓய்வு நேரத்தில் குகைகளுக்குள்ள இறங்கி ஆராய்ச்சி பண்றதில் பெரிய ஆர்வம் உள்ளவர். சீனர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், இந்தியர், கலப்பினத்தவர்னு ஊரே கலந்து வாழ்ந்த துறைமுகம் அது. அவர் 1938-ல் மூன்று வேர் உள்ள கீழ்க் கடைவாய்ப்பல் எந்த மக்களிடம் எவ்வளவுன்னு ஒரு கட்டுரை வெளியிட்டார். சீனர்களிடம் 5.8 சதவீதம். மலாய்க்காரர்களிடம் 8.6. ஜாவாக்காரர்களிடம் 10.7. இந்தியர்களிடம் 0.2.

அன்றைய சிங்கப்பூர் இந்தியர்களில் பெரும்பகுதி தமிழர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆக அந்த 0.2 என்பது ஏறக்குறைய நம்மைப் பற்றிய எண்.

அந்த எண்ணோட ஒரு முத்திரையும் ஒட்டிக்கிச்சு: மூன்று வேர் "மங்கோலிய இனக்கூறு". ஐரோப்பியர், ஆப்பிரிக்கர், இந்தியர் எல்லாருக்கும் 5 சதவீதத்துக்குக் கீழே. புத்தகங்களில் இப்படித்தான் வரும். இப்ப நீங்க சென்னையிலோ மதுரையிலோ படிக்கிற ஒரு பல் மருத்துவ மாணவரா யோசிச்சுப் பாருங்க. "இது சீனர்களுக்கு இருக்கும்"னு படிச்சிருக்கீங்க. உங்க முன்னாடி உட்கார்ந்திருக்கிறவர் உசிலம்பட்டிக்காரர். தேடுவீங்களா?

2010 வாக்கில் இந்தியாவிலேயே ஆய்வாளர்கள் எக்ஸ்ரே படங்களை வச்சு எண்ண ஆரம்பிச்சாங்க. ஒரு ஆய்வில் ஏறக்குறைய 6 சதவீதம் வந்தது. 2011-ல் தென்னிந்தியர்களிடம் செய்த இன்னொரு ஆய்வில் 10 சதவீதத்தையும் தாண்டியது. டிராட்மன் தப்பா எண்ணிட்டார்னு நான் சொல்லலை. அவர் பார்த்த மக்கள் வேற, எண்ணின முறை வேற. ஒவ்வொரு ஆய்விலும் எண்ணிக்கை ஏறும், இறங்கும். ஆனா 0.2-க்கும் 10-க்கும் இடையில் இருக்கிற தூரத்தைப் பாருங்க. முதலாவது, ஒரு பல் மருத்துவர் மாசக்கணக்கில் பார்க்காம போகக்கூடிய விஷயம். இரண்டாவது, வாரத்துக்கு ஒண்ணாவது அவர் நாற்காலிக்கு வர்ற விஷயம். இரண்டுக்கும் தேடுற மனநிலை ஒண்ணா இருக்க முடியாது. என் கணிப்பில், பல்லை இனத்துக்கு அடையாள அட்டையா மாத்தினதில் நடந்த பெரிய நஷ்டம் இதுதான். அட்டையில் பெயர் இல்லாதவங்க வாயில் யாரும் தேடலை.

1971-ம் வருஷம் ஒரு சுவாரசியமான வருஷம். அந்த ஒரே ஆண்டில் இதே பல்லைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒண்ணு மானுடவியல் இதழில். கிறிஸ்டி டர்னர் எழுதினது. அலாஸ்காவை ஒட்டிய தீவுகளில் வாழும் அலூட் மக்களிடம் மூணு வேர் 40 சதவீதத்துக்கும் மேல இருக்கு, அமெரிக்கப் பூர்வகுடிகளின் மற்ற குழுக்களிடம் அவ்வளவு இல்லை, ஆக ஆசியாவில் இருந்து மக்கள் ஒரே அலையா வரலை, பல அலைகளா வந்திருக்காங்கன்னு அவர் வாதம். ஒரு வேரை வச்சு ஒரு கண்டத்தின் குடியேற்றத்தையே பேசினார். பிற்பாடு மரபணு ஆய்வுகள் வந்து அந்தக் கதையை இன்னும் சிக்கலாக்கிடுச்சு, அது தனிப் பதிவு.

இன்னொண்ணு பல் மருத்துவர்களுக்கானது. ஸ்கிட்மோர், பியோர்ண்டால் என்ற இருவர் வெறும் 45 கீழ்க் கடைவாய்ப்பற்களை எடுத்துப் பார்த்து, சுமார் 29 சதவீதத்தில் மூணு இல்லை, நாலு குழாய் இருக்குன்னு சொன்னாங்க. ரூட் கெனாலுக்காகப் பல்லின் மேல முக்கோண வடிவில் திறப்பு போடுறதுதான் அதுவரை வழக்கம். மூணு குழாய்க்கு மூணு மூலை. முக்கோணமா திறந்தா நாலாவது குழாயின் வாய் கண்ணிலேயே படாது, திறப்பைச் செவ்வகமா விரிக்கணும்னு அவங்க சொன்னாங்க. யோசிச்சுப் பாருங்க, மூணுதான் இருக்கும்னு நம்பி மூணு மூலை வெட்டினோம், மூணுதான் கிடைச்சது.

மேல்தாடையிலும் இதே கதைதான். 1969-ல் வெய்ன் குழுவினர் 208 மேல் கடைவாய்ப்பற்களை அறுத்துப் பார்த்து, ஒரே குழாய்னு நினைச்சுக்கிட்டிருந்த ஒரு வேரில் பாதிக்கும் மேற்பட்ட பற்களில் இரண்டு இருக்குன்னு காட்டினாங்க. பிறகு 1999-ல் ஸ்ட்ராப்கோ என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், தான் எட்டு வருஷம் செய்த சிகிச்சைகளின் கணக்கைக் காட்டினார். மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் அந்த இரண்டாவது குழாய் மொத்தத்தில் 73 சதவீதம் கிடைச்சது. நுண்ணோக்கி வச்சு, போதுமான நேரம் ஒதுக்கித் தேடினப்ப 93 சதவீதம். அதே டாக்டர்தான். பற்கள் மாறலை, தேடின விதம் மாறிச்சு.

வேரோட கதையில் கடைசியா ஒரு திருப்பம். திபெத்தியப் பீடபூமியில் ஷியாஹே என்ற இடத்தில் ஒரு குகையில் கிடைச்ச பழைய தாடை எலும்பு, குறைஞ்சது 1,60,000 வருஷப் பழசு, டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்துடையதுன்னு 2019-ல் அறிவிச்சாங்க. அதன் கடைவாய்ப்பல் ஒன்றில் மூணு வேர். உடனே ஒரு குழு, ஆசியர்களிடம் இருக்கிற மூணாவது வேர் டெனிசோவன்களோட கலந்ததில் வந்ததுன்னு எழுதினாங்க. அடுத்த வருஷமே வேற ஆய்வாளர்கள், இது அதே வேர் இல்லை, முளைச்ச இடமே வேறன்னு மறுத்தாங்க. எனக்கு மறுப்பு சொன்னவங்க பக்கம்தான் நியாயம் அதிகமா தெரியுது. சண்டை இன்னும் முடியலை.

சரி, உங்க பல்லுக்கு வருவோம்.

கீழ்க் கடைவாய்ப்பல்லில் ரூட் கெனால் பண்ணி வலியோ வீக்கமோ திரும்ப வந்தா, உடனே "டாக்டர் ஏமாத்திட்டார்"னு முடிவு பண்ணாதீங்க, ஆன்டிபயாடிக்கை வாங்கித் தின்னுக்கிட்டும் இருக்காதீங்க. விட்டுப்போன வேரோ குழாயோ இருக்கான்னு பார்க்கச் சொல்லி அதே மருத்துவரிடமோ, வேர் சிகிச்சையில் மேற்படிப்பு படிச்சவரிடமோ போங்க. பல இடங்களில் இப்ப சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் இருக்கு. அதில் வேர்கள் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு ஒளிய முடியாது. எல்லாருக்கும் அது தேவையில்லை, செலவும் கதிர்வீச்சும் அதிகம், சந்தேகம் இருந்தா மட்டும். பல்லைப் பிடுங்கறதா இருந்தாலும் முன்னாடியே மூணாவது வேர் இருக்குன்னு தெரிஞ்சா நல்லது, அந்த ஒல்லியான வளைஞ்ச வேர் உள்ளேயே ஒடிஞ்சு நிக்கிறது அடிக்கடி நடக்கிறதுதான். ஒரு பக்கம் இருந்தா பாதிப் பேருக்கு மறுபக்கமும் இருக்க வாய்ப்பு உண்டு. அதனால உங்களுக்கு இருக்குன்னு தெரிய வந்தா, அந்த எக்ஸ்ரேயைப் பத்திரமா வச்சுக்கிட்டு அடுத்த டாக்டர்கிட்ட காட்டுங்க.

ரூட் கெனால் ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு, குழாயைக் கொஞ்சம் சாய்ச்சு வச்சு இன்னொண்ணு எடுத்தாங்கன்னா "முதல் படம் சரியா விழலை போல, இதுக்கும் காசு போடுவாங்களோ"ன்னு நினைச்சுடாதீங்க. 1910-ல் கிளார்க் சொன்ன அதே சாய்வுதான் அது.